எந்த ரப்பர் ஒட்டலாம்? டேபிள் டென்னிஸ் கேள்வி பதில்

வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆடுகிறவர்கள் பேட்டில் ஒட்டும் ரப்பர் பற்றிக் கேட்டிருந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பல வருடங்களாக ஆடுகிறேன், கூட ஆடுகிறவர்கள் பலருக்கு ரப்பர் ஒட்டியும் கொடுத்திருக்கிறேன். அதில் கண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்றவர்கள் அதிகமாகப் பாயின்ட் விடுவது எதிராளியின் சர்வீஸை எடுக்கும்போதுதான். ரப்பர் வாங்கும்போதோ எல்லோர் மனதிலும் தன்னுடைய ஸ்மாஷ்தான் ஓடுகிறது. என் பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும்.

அண்ணா, ஆறு மாதமாக ரெடிமேட் பேட்டில் ஆடுகிறேன். ப்ளேடும் (பேட்டின் மரப்பகுதி) ரப்பரும் தனியாக வாங்கச் சொல்கிறார்கள். சீன வீரர் மா லாங் ஃபோர்ஹேண்டில் வைத்திருந்த ஹரிக்கேன் 3 ரப்பரைப் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி, இப்போதைக்கு வேண்டாம். ஹரிக்கேனின் டாப்ஷீட், அதாவது பந்து படும் மேல் தாள், பந்து ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிசுபிசுப்பானது; அதன் அடியிலுள்ள ஸ்பாஞ்ச் கடினமானது. மா லாங் காலையும் இடுப்பையும் சேர்த்துச் சுழற்றி அடிக்கும்போது பந்து டாப்ஷீட்டைத் தாண்டி ஸ்பாஞ்சுக்குள் இறங்குகிறது. அப்படி இறங்கினால்தான் அந்த ரப்பர் பந்தைத் தூக்கி எறியும். கையை மட்டும் வீசி அடித்தால் பந்து மேலோடு நின்று வலையில் போய் விழும். அவர் பயன்படுத்தியது சீன தேசிய அணிக்கான ரகம் என்பதையும் மறக்க வேண்டாம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது வேறு.

ஐந்து அடுக்கு மரத்தாலான ஆல்ரவுண்ட் ப்ளேடு ஒன்று எடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ரப்பர், 1.8 மி.மீ. ஸ்பாஞ்சோடு ஒட்டுங்கள். 1969-இல் வந்த யசாகா மார்க் V போன்ற பழைய தலைமுறை ரப்பர் போதும். நீங்கள் கொடுத்த வேகத்தைத்தான் அது பந்துக்குக் கொடுக்கும், தன் பங்குக்குப் பெரிதாக எதையும் சேர்க்காது. அடி தவறினால் தவறு எங்கே என்று உங்கள் கைக்கே தெரியும். இரண்டு பக்கமும் ஒன்றாக வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஆரம்பத்தில் கை ஒரே உணர்வைப் பழக வேண்டும்.

சார், ஸ்பாஞ்சின் தடிமன் 1.8, 2.0, 2.1, மேக்ஸ் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. 0.2 மி.மீட்டரில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது?

நிறைய வரும். விதிப்படி டாப்ஷீட், ஸ்பாஞ்ச், பசை மூன்றும் சேர்ந்து 4 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது. டாப்ஷீட்டுக்குப் போக மிஞ்சும் இடத்தை முழுக்க ஸ்பாஞ்சால் நிரப்பினால் அதுதான் மேக்ஸ்.

ஸ்பாஞ்ச் மெலிதாக இருந்தால் பந்து சீக்கிரமே மரத்தைத் தொட்டுவிடும். சத்தத்திலேயே தெரியும். தடித்த ஸ்பாஞ்சில் பந்து உள்ளே அமுங்கிக் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கி, வில்லிலிருந்து விடுபட்டதுபோல் வெளியே வரும். முழு வீச்சில் டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கிச் சுழலும் அடி) போடுகிறவருக்கு இது வரம். ஆனால் மெல்லத் தொட்டு வலைக்கு அருகே விட வேண்டிய பந்தையும் அதே வில் தள்ளிவிடும். குட்டையாக வந்த பேக்ஸ்பின் (பின்னோக்கிச் சுழலும்) சர்வீஸை நீங்கள் புஷ் செய்கிறீர்கள், அதாவது பந்தின் அடியில் மெல்லத் தள்ளுகிறீர்கள், பந்து நெஞ்சளவு எழும்பி எதிராளிக்கு விருந்தாகிறது. பல பேர் இதைத் தன் கையின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதி தவறு அந்த 0.2 மி.மீட்டரில் இருக்கிறது.

நானும் இதில் விழுந்து எழுந்தவன். ஆடத் தொடங்கிய இரண்டாம் வருடம் இரண்டு பக்கமும் மேக்ஸ் ஒட்டினேன். பயிற்சியில் அடித்த அடியெல்லாம் பறந்தது. மேட்ச் என்று வந்தால் எனக்குக் கீழே இருந்தவர்களிடம் எல்லாம் தோற்றேன். 1.9-க்கு இறங்கிய பிறகுதான் சர்வீஸை எடுக்கும் ரிசீவ் திரும்ப வந்தது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கூட ஆடுகிறவரை 20 குட்டை பேக்ஸ்பின் சர்வீஸ் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் புஷ் மட்டும் செய்யுங்கள். விட்டால் மேஜையின் அந்தப் பக்கம் இரண்டு முறை குத்தும் அளவுக்குக் குட்டையாக, தாழ்வாக எத்தனை விழுகிறது என்று எண்ணுங்கள். வேறு ரப்பர் ஒட்டிய பேட்டில் இதையே செய்யுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எந்த எண்ணைவிடவும் இந்த எண்ணிக்கை உங்களுக்கு உதவும்.

பெட்டியில் வேகம், சுழற்சி, கன்ட்ரோல் என்று போட்டிருக்கும் எண்களை நம்பலாமா? ஸ்பாஞ்சின் டிகிரியையும் விளக்குங்கள்.

அந்த எண்கள் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தானே போட்டுக்கொள்வது. ஒரே கம்பெனியின் இரண்டு ரப்பரை ஒப்பிட உதவும், அதற்கு மேல் உதவாது.

டிகிரியும் அப்படித்தான். பெரிய எண் என்றால் கடினம் என்பது சரி. ஆனால் அளவுகோல் ஒன்றல்ல. ஜெர்மனியில் ஈஎஸ்என் என்ற ஆலை பல பிராண்டுகளுக்கு ரப்பர் செய்து கொடுக்கிறது. அந்த ரப்பர்களில் 45, 47.5 என்று எண் இருக்கும். ஜப்பானிய பிராண்டான பட்டர்ஃப்ளையின் டெனர்ஜி 05 ரப்பரில் 36 என்றிருக்கும், அதற்காக அது பஞ்சுபோல் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. சீன ரப்பரில் 39, 40 என்று பார்த்து மென்மை என்று நினைத்தால் கையில் கல் வந்து சேரும். வாரம் இரண்டு நாள் ஆடுகிறவருக்கு நடுத்தர ஸ்பாஞ்ச் நல்லது. மிக மென்மையானதில் ஓங்கி அடித்தால் பந்து அடிவரை அமுங்கி மரத்தில் முட்டிவிடும், சுழற்சியும் குறையும்.

மேடம்/சார், என் மகளுக்கு ஒன்பது வயது. பயிற்சிக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. கூட ஆடும் பிள்ளைகள் எல்லாரும் வேகமான ரப்பர் வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் வாங்கித் தர வேண்டுமா?

சார்தான் அம்மா. வேண்டாம் என்றே சொல்வேன். வேக ரப்பரில் பழகும் குழந்தை வீச்சைப் பாதியிலேயே நிறுத்திக்கொள்ளும். முழுசாக வீசினால் பந்து மேஜைக்கு வெளியே போகிறதே, அந்தப் பயத்தில். பதினான்கு வயதில் அதைத் திருத்துவது பெரும்பாடு. 1.5 முதல் 1.8 மி.மீ., பிடிமானமுள்ள டாப்ஷீட், எடை குறைந்த ப்ளேடு. அவள் வீச்சு வளர்ந்து, பந்து போதுமான ஆழத்துக்குப் போகவில்லை என்று பயிற்சியாளரே சொல்லும் நாளில் மாற்றிக்கொள்ளலாம். அவர் கருத்து வேறாக இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். அவள் ஆடுவதை நேரில் பார்ப்பவர் அவர்தான்.

எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் (நீண்ட முனைகள் வெளியே நிற்கும் ரப்பர்) வைத்திருக்கிறார். எவ்வளவு பலமாக டாப்ஸ்பின் போட்டாலும் அடுத்த பந்தை வலையில் அடிக்கிறேன். அவரைச் சமாளிக்க எந்த ரப்பர் வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். முதலில் அந்த ரப்பர் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

சாதாரண ரப்பரில் பந்து பிடிபடும், உங்கள் சுழற்சி நின்று அவருடைய சுழற்சி ஏறும். லாங் பிம்பிள்ஸில் நீண்ட முனைகள் வளைந்து கொடுப்பதால் பந்து சரியாகப் பிடிபடுவதில்லை. நீங்கள் ஏற்றிய சுழற்சி பெருமளவு அப்படியே சுழன்றுகொண்டு இருக்கும், பந்து போகும் திசை மட்டும் திரும்பிவிடும். அதனால் உங்கள் டாப்ஸ்பின் உங்களிடமே பேக்ஸ்பின்னாக வந்து சேருகிறது. பலமாகப் போட்டால் பலமாகவே திரும்பி வரும். அதை மறுபடி சாதாரணமாக அடித்தால் வலையில் விழாமல் என்ன செய்யும்? நீங்கள் புஷ் செய்தால் நேர் எதிர். சுழற்சி இல்லாமலோ லேசான டாப்ஸ்பின்னோடோ வரும். அதைத் திரும்பவும் புஷ் செய்தால் எகிறும்.

ஆகவே அவர் கையைப் பார்ப்பதைவிட, நாம் கடைசியாக என்ன அனுப்பினோம் என்பதை நினைவில் வைத்திருங்கள். ஒரு பலமான டாப்ஸ்பின், அடுத்தது ஒரு புஷ், அதற்கடுத்துச் சுழற்சியில்லாமல் திரும்பும் பந்தைத் தட்டையாக அடி. அல்லது சுழற்சியே இல்லாத நீளமான சர்வீஸை அந்தப் பிம்பிள்ஸ் பக்கமே போடுங்கள். திருப்பித்தர அந்த ரப்பரிடம் எதுவும் இருக்காது. மேட்ச் தொடங்குமுன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்க விதி இடம் தருகிறது. கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த நிறம் எந்த ரப்பர் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள், அவர் பேட்டைத் திருப்பிப் பிடித்தாலும் ஏமாற மாட்டீர்கள்.

எனக்கு 56 வயது, முழங்கால் வலி. நானே லாங் பிம்பிள்ஸுக்கு மாறலாமா? அது குறுக்குவழி என்கிறார்களே.

குறுக்குவழி என்கிறவர்கள் அதை வைத்து ஒரு மாதம் ஆடிப் பார்க்கட்டும் ஐயா. கொரியாவின் ஜூ சே-ஹ்யுக் பேக்ஹேண்டில் பிம்பிள்ஸ் வைத்துச் சாப் (மேஜையிலிருந்து பின்வாங்கிப் பந்தை வெட்டித் திருப்புவது) ஆடியே 2003-இல் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிக்கு வந்தவர். நம் மனிகா பத்ரா அதை வைத்து மேஜையருகே நின்று முன்னணி வீராங்கனைகளின் தாளத்தைக் கெடுக்கிறார். இரண்டு பேருமே அந்த ரப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்கள் இல்லை. பிம்பிள்ஸால் பந்தைக் கெடுத்துவிட்டு, ஃபோர்ஹேண்டில் முடிக்கிறார்கள்.

உங்களுக்கு அது பொருந்தும். மேஜையை ஒட்டி நின்று ப்ளாக் செய்ய மிக மெல்லிய ஸ்பாஞ்ச், அல்லது ஸ்பாஞ்சே இல்லாத ஓஎக்ஸ் ரகம். பின்வாங்கிச் சாப் ஆடுவதென்றால் ஒரு மி.மீ. அளவில் ஸ்பாஞ்ச் வேண்டும், ஆனால் முழங்காலுக்கு அது ஆகாது. ஆரம்பத்தில் இரண்டு மாதம் தோல்விதான் அதிகம் வரும். நீங்கள் தொடும் பந்து எங்கே போகிறது என்று உங்களுக்கே விளங்காது. அதைத் தாண்டி வாருங்கள். சர்வதேச டேபிள் டென்னிஸ் சங்கத்தின் அனுமதிப் பட்டியலில் உள்ளதையே வாங்குங்கள். உராய்வே இல்லாத பழைய ரகங்கள் 2008-இலேயே தடை செய்யப்பட்டுவிட்டன.

சீனியர் ஒருவர் தான் கழற்றிய டெனர்ஜியை எனக்கு இலவசமாகத் தருகிறேன் என்கிறார். நல்ல ரப்பர்தானே?

நல்ல ரப்பராக இருந்தது. டாப்ஷீட் முதலில் சாகும், ஸ்பாஞ்ச் அப்புறம் சாகும். கழற்றிப் போட்ட வேக ரப்பரில் பிடிமானம் போயிருக்கும், துள்ளல் மட்டும் மிஞ்சியிருக்கும். சுழற்சி ஏறாது, பந்து மட்டும் ஓடும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது. புதிய சாதாரண ரப்பர் இதைவிட எவ்வளவோ மேல். அவர் மனம் நோகாமல் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

பூஸ்டர் என்ற திரவத்தை ஸ்பாஞ்சில் தடவினால் ரப்பர் உயிர்பெறும் என்கிறார்கள். தடவலாமா?

கூடாது. அனுமதி பெற்ற ரப்பரை வேதிப்பொருளாலோ வேறு எந்த வழியிலோ மாற்றக்கூடாது என்பது விதி. முன்பு ஸ்பீட் க்ளூ என்று ஆவியாகும் கரைப்பான் கலந்த பசையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆவி உடம்புக்குக் கெடுதல் என்பதால் 2008 செப்டம்பரிலிருந்து அதற்குத் தடை வந்தது. இப்போது வரும் டென்சர் வகை ரப்பர்கள் அந்தத் துள்ளலை ஆலையிலேயே ஸ்பாஞ்சுக்குள் வைத்துத்தான் அனுப்புகின்றன. விதியை மீறி ஆடி ஜெயித்து நமக்கு என்ன ஆகப் போகிறது?

ரப்பர் எத்தனை மாதம் வரும்? எப்படித் துடைப்பது?

வாரம் இரண்டு நாள் ஆடினால் ஆறேழு மாதம் நன்றாக இருக்கும். பந்து அதிகம் படும் நடுப்பகுதி மங்கிச் சாம்பல் பூத்தால், ஓரத்தில் உள்ள ரப்பரை விரலால் தேய்த்து நடுவோடு ஒப்பிடுங்கள். ஓரத்தில் விரல் தடுக்கி, நடுவில் வழுக்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஆடி முடித்ததும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, உலர்ந்த பின் பிளாஸ்டிக் தாள் ஒட்டி உறையில் வையுங்கள். தண்ணீரே போதும். சோப்பு, ஸ்பிரிட் வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பேட்டை விட்டுவிட்டு வராதீர்கள்.

புது ரப்பர் ஒட்டியதிலிருந்து முழங்கை வலிக்கிறது. ரப்பருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். கடினமான, தடித்த ரப்பர் எடை கூடும். வெட்டிய பிறகு ஒரு ரப்பர் 40 கிராமும் இருக்கும், 50-ஐயும் தொடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 20 கிராம் வித்தியாசம், அதுவும் கைப்பிடியிலிருந்து தள்ளி, நுனிப்பக்கம். பேட்டை எடை போட்டுப் பாருங்கள். பேக்ஹேண்டில் மட்டுமாவது மென்மையான, மெலிந்த ரப்பருக்கு மாறுங்கள். வலி தீரும்வரை ஆடாதீர்கள், தீராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

ஃபோர்ஹேண்டில் கறுப்பா, சிவப்பா?

எதுவானாலும் சரி. ஒரு பக்கம் கறுப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2021 அக்டோபரிலிருந்து மறுபக்கத்துக்குச் சிவப்போடு நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பும் செல்லும்.

நானே ஒட்டிப் பார்த்தேன், ஒரு வாரத்தில் ஓரம் தூக்கிக்கொண்டது. எங்கே தப்பு?

பசை காயுமுன் ஒட்டியிருப்பீர்கள். தண்ணீர்ப் பசையை ஸ்பாஞ்சிலும் மரத்திலும் மெல்லியதாகத் தடவுங்கள். வெள்ளையாக இருக்கும் பசை முழுக்க நிறமற்றுப் போகும்வரை காத்திருங்கள். ஸ்பாஞ்ச் பசையை உறிஞ்சும், அதனால் அதற்கு மட்டும் காய்ந்த பின் இன்னொரு பூச்சு. ரப்பரின் பெயரும் சங்கத்தின் முத்திரையும் கைப்பிடிப் பக்கம் வரும்படி வையுங்கள், நடுவர் பார்ப்பது அங்கேதான். கைப்பிடியிலிருந்து மேல்நோக்கி உருட்டி ஒட்டுங்கள். இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் சுருங்கப் பார்க்கும், ஓரம் தூக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, புதுப் பிளேடு போட்ட கத்தியால் ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள். கடைசியில் எட்ஜ் டேப் சுற்றிவிட்டால் மேஜையில் இடிக்கும்போதும் ரப்பரின் ஓரம் தப்பிக்கும்.