எதற்குக் கதவு வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வி: நாகப்பட்டினத்தில், கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் சொந்த வீடு. சமையலறை 9 அடிக்கு 8 அடி. ஒரு சுவரில் இருக்கும் மூன்று கடப்பைக் கல் தட்டுகளும் நிரம்பி வழிகின்றன. எதிர்ச் சுவரில் மேடை. இடது கோடியில் அடுப்பு, வலது கோடியில் சிங்க். அதற்கு மேலே 7 அடி நீளத்துக்குச் சுவர் வெறுமையாக இருக்கிறது. மேலே கதவு போட்ட அலமாரி அடித்து, மேடைக்குக் கீழேயும் முழுவதும் மூடிவிடலாம் என்கிறார் தச்சர். திறந்த தட்டுகள்தான் அழகு என்று கல்லூரியில் படிக்கும் மகள் படங்களைக் காட்டுகிறாள். நான் வேலைக்குப் போவதால் பகல் சமையல் 71 வயது மாமியாருடையது. எதைச் செய்வது?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் சுவரின் நீளம் இருக்கிறது, அறையின் அளவு இருக்கிறது. அங்கே என்னென்ன வைக்கப் போகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. அது தெரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். தினமும் எடுத்துக் கழுவி வைக்கிற பொருளுக்குக் கதவு தேவையில்லை. மாதக்கணக்கில் தொடாமல் இருக்கிற பொருளுக்குக் கதவு கட்டாயம் வேண்டும். எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றைப் பார்த்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

திருமணமான புதிதில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில், அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு மரப்பலகை அடித்திருந்தார்கள். அதில் பன்னிரண்டு எவர்சில்வர் சம்படங்களைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்கி வைத்தேன். பார்க்கக் கண் நிறைந்தது. இரண்டு மாதம் கழித்து, ஜவ்வரிசிச் சம்படத்தை எடுக்கக் கை வைத்தால் மூடி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தாளிக்கும்போது எழுகிற எண்ணெய்ப் புகை மூடிமேல் படிந்து, அதன்மேல் தூசி படிந்து, பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஆகியிருந்தது. அதற்குள் கடுகுத் தோல் ஒன்று புதைந்து கிடந்தது. வெந்நீரும் சீயக்காய்த் தூளும் போட்டுத் தேய்த்தால்தான் போயிற்று. அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிறு பாதி நாள் அந்தப் பன்னிரண்டு மூடிகளுக்கே போனது.

அதே சுவரில், சற்றுத் தள்ளி, சாப்பாட்டுத் தட்டுகள் வைக்கும் எவர்சில்வர் ஸ்டாண்டு மாட்டியிருந்தது. அதுவும் திறந்ததுதான். அந்தத் தட்டுகளில் ஒரு நாளும் பிசுக்கு ஒட்டவில்லை. காலையும் இரவும் கழுவப்படுகிற பொருளின்மேல் எண்ணெய் படிய நேரமே கிடைப்பதில்லை. மகளிடம் சொல்லுங்கள்: திறந்த தட்டு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. தட்டு ஸ்டாண்டு, கடப்பைக் கல் தட்டு, சுவர் மாடம் எல்லாம் கதவில்லாதவையே. ஆனால் அவள் பார்க்கும் படங்களில் உள்ள சமையலறைகளில் மிளகாய் வற்றலைக் கிள்ளிப்போட்டு நாள்தோறும் மூன்று முறை தாளிப்பதில்லை. நம் அடுப்பின் பக்கத்தில் அந்த அழகு ஒரு மாதம்கூடத் தாங்காது.

ஆகவே 7 அடியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கு நேர் மேலே உள்ள 2 அடியில் எதுவும் வேண்டாம், அலமாரியும் வேண்டாம், தட்டும் வேண்டாம். எரிகிற அடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி எதையாவது எடுக்கும்போதுதான் புடவைத் தலைப்பில் தீப்பற்றுகிறது. வயதானவர் சமைக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பின்னால் புகைபோக்கி வைக்க நினைத்தாலும் அந்த இடம் உதவும்.

நடுவில் 3 அடிக்குக் கதவு போட்ட அலமாரி. வாங்கிச் சேமித்து வைக்கும் மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், மல்லித் தூள், எண்ணெய் எல்லாம் இதற்குள் போகட்டும். வெளிச்சம் படப்பட மஞ்சளும் மிளகாயும் நிறம் வெளுக்கின்றன, எண்ணெய் சீக்கிரம் காறல் அடிக்கிறது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் திறந்த தட்டில் அடுக்குவது கண்ணுக்கு அழகு, மசாலாவுக்குக் கேடு. அன்றாடத் தேவைக்கு அஞ்சறைப்பெட்டி மேடைமேல் இருக்கிறதே, அது போதும். விருந்தினருக்கான கோப்பைகள், வருடத்துக்கு நான்கு முறை எடுக்கும் முறுக்கு அச்சு போன்றவையும் இங்கேதான்.

சிங்க் பக்கம் உள்ள 2 அடியைத் திறந்தே விடுங்கள். அடுப்பிலிருந்து அதுதான் அதிகத் தூரம், புகை குறைவு. கழுவிய தட்டிலிருந்து சொட்டும் நீர் சிங்கிலேயே விழும். உங்கள் ஊரில் இது முக்கியம். கடல் காற்றின் ஈரமும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் சேரும்போது, சரியாகக் காயாத பாத்திரத்தை மூடிய அலமாரிக்குள் வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வரும். கரப்பான் பூச்சிக்கும் அந்த ஈரமும் இருட்டும்தான் வேண்டும். கதவு போட்டால் சுத்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். கதவு தூசியைத் தடுக்கும், ஈரத்தை உள்ளேயே பிடித்தும் வைக்கும்.

அலமாரி மாட்டுவதற்கு முன் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஓதம் ஏறியிருந்தால், சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஓதச் சுவரில் அலமாரியின் முதுகை ஒட்டி அறைந்தால் எந்தப் பலகையும் நிலைக்காது. நல்ல சுவராக இருந்தாலும் பின்பக்கம் அரை அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

பலகையில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் ஒரு முறை ஏமாந்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில், வழவழப்பான மேல்தாள் ஒட்டி, பார்க்கத் தேக்கு மாதிரியே இருந்தது. சிங்க்குக்குக் கீழே இருந்த கதவின் அடி விளிம்பு முதல் மழைக்காலத்திலேயே நனைத்த ரொட்டிபோல் உப்பிப் பிரிந்துவிட்டது. கீல் ஆணியைத் திரும்ப முடுக்கப் பிடிமானமே இல்லை. நீர் தாங்கும் மெரைன் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சிட்டிருக்கும். பலகையை அறுத்த பின் அந்த அச்சைத் தேட முடியாது; முழுப் பலகையாக வந்து இறங்கும்போதே நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். அறுத்த விளிம்புகள் எல்லாவற்றையும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தையும் சேர்த்து, பட்டை ஒட்டியோ வர்ணம் பூசியோ அடைக்க வேண்டும். நீர் புகுவது அந்த விளிம்பு வழியாகத்தான்.

திறந்த தட்டுக்கு இரும்புத் தாங்கிகள் வேண்டாம். வர்ணம் அடித்திருந்தாலும் உப்புக் காற்றில் ஆணித் துளையிலிருந்து துரு வழியும். எவர்சில்வரில் 304 ரகம் கேட்டு வாங்குங்கள். அதிலும் கடலோரத்தில் சிறு பழுப்புப் புள்ளிகள் வரலாம், ஈரத் துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். இன்னொரு வழியும் இருக்கிறது: கொத்தனாரை வைத்து இரண்டு கடப்பைக் கல் தட்டுகளைச் சுவரில் பதித்துவிடலாம். கரையான் அரிக்காது, துருப்பிடிக்காது, உப்பாது. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். அது சுண்ணாம்புக் கல் என்பதால் எலுமிச்சை, வினிகர், புளி பட்டால் வெளிறிய கறை விழும். சோப்பு நீரால் மட்டும் துடையுங்கள்.

தட்டின் அகலம் 9 அங்குலம் போதும், சாப்பாட்டுத் தட்டுகளை ஸ்டாண்டில் செங்குத்தாகத்தானே வைக்கப் போகிறீர்கள். அகலம் கூடினால் பொருள்கள் இரண்டு வரிசையாகும். பின் வரிசையில் இருப்பது மறந்துபோகும், கெட்டுப்போகும். துளை போடும் ஆளிடம், சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் துளைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒயர்க் குழாய் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் போகும்.

இனி மேடைக்குக் கீழே. தச்சர் சொன்னதில் எனக்குக் கவலை தருவது இந்த ஒன்றுதான். சிலிண்டர் அங்கே இருக்கிறது என்றால் அந்தப் பகுதியை இறுக மூடவே கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும், மூடிய அலமாரிக்குள் என்றால் வாடைகூட உடனே வெளியே தெரியாது. சிலிண்டர் நிற்கும் இடத்துக்குக் கதவே வேண்டாம். மறைத்தே ஆகவேண்டும் என்றால், தரை மட்டத்திலிருந்து காற்றுப் போகும்படி கம்பி வலையோ துளைகளோ உள்ள கதவு மட்டும். ரெகுலேட்டரை அத்தை குனிந்த மாத்திரத்தில் அணைக்க முடிய வேண்டும். மற்ற இடத்தில் கதவுக்குப் பதில் இழுப்பறைகள் செய்தால், முட்டி மடக்கி உட்கார்ந்து இருட்டில் குக்கர் மூடியைத் தேடும் வேலை மிச்சம்.

தச்சருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பதினைந்து நாள் பொறுங்கள். ஒரு சாக்பீஸ் எடுத்து, சமையலறையில் உள்ள பாத்திரங்கள், சம்படங்கள் எல்லாவற்றின்மீதும் ஒரு பொட்டு வையுங்கள். எடுத்துப் புழங்கும்போது அது தானாக அழிந்துவிடும். பதினைந்தாம் நாள் பொட்டு அழிந்தவை திறந்த தட்டுக்கு. அழியாதவற்றில் உண்மையிலேயே வேண்டியவை கதவுக்குள். மிச்சம் உள்ளதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அப்போது 3 அடி அலமாரியே அதிகம் என்றுகூடத் தோன்றலாம். இந்த வேலையை மகளிடம் ஒப்படையுங்கள். படம் பார்த்த பெண் பாத்திரங்களையும் பார்க்கட்டும்.

உயரத்தை மட்டும் தச்சரும் நீங்களும் முடிவு செய்ய வேண்டாம். அத்தையை மேடைமுன் நிற்க வைத்து, எம்பாமல், குதிகாலை உயர்த்தாமல் கை எட்டும் இடத்தில் சுவரில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். அவருடைய தட்டு, டம்ளர், காபிப் பொடி எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே வரட்டும். அதற்கு மேலே இருப்பதெல்லாம் உங்களுக்கும் மகளுக்கும்.