வாசகர் கேள்வி பதில்: மூழ்கிப்போன நகையும் பாட்டியின் கண்ணாடிக் கூடும்

கேள்வி (16 வயது வாசகி): ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் ‘சூதாடி’ நாவலை இந்த விடுமுறையில் இரண்டு முறை படித்தேன். முதல் முறை கதாநாயகன் அலெக்ஸேயின் மேல் எரிச்சல் வந்தது. இரண்டாம் முறை பயம் வந்தது. அவன் முட்டாள் இல்லை. சுற்றியிருப்பவர்களைத் துல்லியமாக எடைபோடுகிறான், தனக்கு நேர்வதையும் அறிந்திருக்கிறான். ஆனாலும் கடைசிப் பக்கத்தில் ‘நாளை’ என்று சொல்லிக்கொண்டுதான் நிற்கிறான். தெரிந்தும் ஏன் போகிறான்? இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. பாட்டி இறந்த பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். கீல் தளர்ந்துபோனதால் பாட்டி அதற்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். அதைத் தினமும் ஒரு முறை திறந்து பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நாவலைப் படித்தபின், இதுவும் ஒருவகை அடிமைத்தனம்தானோ என்று தோன்றுகிறது.

பதில்: எரிச்சல் பயமாக மாறிய இடத்தில்தான் அந்த நாவல் உங்களுக்குத் திறந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அவன் தோற்ற நாள்களைச் சற்று ஒதுக்கிவிட்டு, வென்ற இரவை மட்டும் மறுபடி படித்துப் பாருங்கள். தான் காதலிக்கும் போலினாவின் அவமானத்தைத் துடைக்கப் பணம் வேண்டும் என்றுதான் அவன் அன்று சூதாட ஓடுகிறான். ஒரே இரவில் 2 லட்சம் பிராங்கு வெல்கிறான். ஆனால் சூதாட்ட மேசையில் கைவைத்த நொடியிலிருந்து அவள் தன் நினைவில் பின்னுக்குப் போய்விட்டாள் என்று அவனே சொல்கிறான். யாருக்காகப் போனானோ அவளையே மறக்கச் செய்தது அந்த வெற்றிதான். வள்ளுவர் சூது அதிகாரத்தில், சூதில் கிடைத்த வெற்றியைத் தூண்டில் முள்ளை இரையென்று நம்பி மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டது இதைத்தான்.

மருத்துவமும் இன்று ஏறக்குறைய இதையே கூறுகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்கே மூளை மிக வலுவாகப் பழகிப்போகிறது. நூலிழையில் தவறிய ஆட்டம்கூட அதற்கு வெற்றியைப்போல் கிளர்ச்சியூட்டுகிறது. அதன் பிறகு ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்ற ஓட்டம் தொடங்கிவிடும். அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் நோய்க் கையேட்டில் சூதாட்ட நோயை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களின் வரிசையில் சேர்த்தது. ஆகவே, தனக்கு நேர்வதை அறிந்திருப்பது மட்டும் ஒருவரைத் தடுத்து நிறுத்திவிடாது.

இதற்கு நாவலாசிரியரைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1866 நவம்பர் 1க்குள் புதிய நாவல் ஒன்றைத் தராவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்குத் தம் நூல்களைக் கூலியின்றி வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும் என்ற ஒப்பந்தத்தில் அவர் சிக்கியிருந்தார். அன்னா என்ற 20 வயதுச் சுருக்கெழுத்தாளரிடம் 26 நாள்களில் இந்த நாவலைச் சொல்லி எழுதவைத்தார். 1867 பிப்ரவரியில் இருவரும் மணந்துகொண்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் சூதாடுவதற்காக, திருமணப் பரிசாகத் தாமே அன்னாவுக்குக் கொடுத்திருந்த மார்பு ஊசியையும் காதணிகளையும் அடகு வைத்தார்; அவை திருப்பப்படாமலே மூழ்கிப்போயின. அலெக்ஸேயை வரி வரியாக அறிந்து எழுதிய கைதான் அந்த நகையைக் கொண்டுபோய்க் கொடுத்தது. அவரது சூதாட்டம் 1871இல்தான் நின்றது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அந்த அடகுக் கடையிலேயே இருக்கிறது. அங்கே நகையை எடைபோடுவார்கள், கல்லில் உரசிப் பார்ப்பார்கள். அதை யார் யாருக்கு எந்த நாளில் கொடுத்தார் என்பதற்குத் தராசில் எடை கிடையாது. அடகு பிடிப்பவர் அப்படிப் பார்ப்பது அவர் தொழில். அதே கண்ணால் நகைக்கு உரியவர்களையே பார்க்க வைத்துவிடுவதுதான் அடிமைத்தனத்தின் கொடுமை: கையில் கிடைக்கும் எல்லாமே அடுத்த ஆட்டத்துக்கான பணயமாகிவிடுகிறது. வென்ற பணத்தின்மேலும் அதற்குப் பற்று இருப்பதில்லை. அலெக்ஸேய் அந்த 2 லட்சத்தைப் பாரிசில் சில வாரங்களில் கரைத்துவிடுகிறான் அல்லவா?

நீங்கள் திறந்து பார்க்கும் கூட்டுக்கு யாரும் ஒரு காசுகூடக் கடன் தரமாட்டார்கள். அதேபோல் வேறு கூடு நூறு கொடுத்தாலும் உங்களுக்கு அது ஈடாகாது. அந்த ரப்பர் பேண்டைப் போட்ட விரல்கள் ஒருவருடையவை மட்டுமே. என் மேசையில் அப்பாவின் பேனா ஒன்று இருக்கிறது. மை எப்போதோ வற்றிவிட்டது. யோசிக்கும்போது மூடியைக் கடிக்கும் பழக்கம் அவருக்கு. அந்தப் பல்தடத்தை விரலால் தடவாமல் நான் எழுத உட்கார்ந்த நாள்கள் குறைவு. இதை அடிமைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உங்களுடையதையும் துயரம் என்றே சொல்வேன்.

ஆனாலும் உங்களை நீங்களே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். ஒரு முறை திறந்தது பத்து முறையாகப் பெருகுகிறதா? அதற்காகப் பொய் சொல்ல நேர்கிறதா? நண்பர்களையும் படிப்பையும் அது பின்னுக்குத் தள்ளுகிறதா? இவற்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்றால், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். இல்லையென்றால் இன்றிரவும் திறந்து பாருங்கள். ஒரு சிறு தாளில் பாட்டியின் பெயரையும் அந்த ரப்பர் பேண்டின் கதையையும் எழுதிக் கூட்டுக்குள் வையுங்கள். நாளை அதை எடுத்துப் பார்ப்பவருக்கு அது பழைய கூடாக மட்டும் தெரியக்கூடாது.

கேள்வி (17 வயது வாசகர்): இணையவழிச் சூதாட்டத்தில் பணம் இழந்த என் அண்ணன், நான் இரண்டு ஆண்டுகள் சேமித்து வாங்கிய கேமராவை எனக்குத் தெரியாமல் விற்றுவிட்டார். புதிதாக வாங்கித் தருகிறேன் என்று அழுகிறார். நான் மன்னிக்க வேண்டுமா?

பதில்: மன்னிப்புக்கு நாள் குறிக்கத் தேவையில்லை. புதிய கேமரா மட்டும் இப்போது வேண்டாம் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றப் பணம் தேவைப்படும். ‘தம்பிக்காக ஒரே ஒரு ஆட்டம்’ என்ற நினைப்பு அவரை மறுபடி உள்ளே இழுத்துவிடும். இதை நீங்கள் தனியாகச் சுமக்காமல் பெற்றோரிடம் இன்றே சொல்லுங்கள். கையில் பணம் கொடுப்பதையும் கடனை மூடி மறைப்பதையும் நிறுத்திவிட்டு, அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். எண்ணப் போக்கை மாற்றப் பயிற்றும் சிகிச்சையும், ஒரே துன்பத்தில் இருப்போர் கூடிப் பேசும் குழுக்களும் பலருக்கு உதவியிருக்கின்றன. வாழப் பிடிக்கவில்லை என்று அண்ணன் ஒரு முறை சொன்னாலும் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

உங்கள் கோபத்துக்கும் ஓரிடம் வேண்டும். கணவரின் சூதாட்டம் மனவுறுதிக் குறைவு அன்று, நோய் என்று பின்னாளில் எழுதிய அன்னாகூட, அந்த நாள்களின் வருத்தத்தையெல்லாம் கணவரால் படிக்க முடியாத சுருக்கெழுத்தில் நாட்குறிப்பாக எழுதிவந்தார். நீங்களும் எழுதுங்கள். அந்தக் கேமராவில் எடுத்த படங்கள் கணினியிலோ நினைவட்டையிலோ இருக்குமானால், அவற்றை இன்றே இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.