விலைக்கு விற்கும் நூலில் பொதுவில் பகிரப்பட்ட படங்கள்: யாரிடம், எப்போது அனுமதி கேட்க வேண்டும்?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு சிறு பதிப்பகம் நடத்துகிறேன். தஞ்சாவூர், கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம் கோயில்களைப் பற்றிப் படங்கள் நிறைந்த நூலொன்றை 450 ரூபாய் விலையில் கொண்டுவர இருக்கிறோம். படங்களை விக்கிமீடியா காமன்ஸ், பிளிக்கர் ஆகிய தளங்களிலிருந்தும், சில விளக்கங்களைத் தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்தும் எடுத்துள்ளோம். நூலுக்கான யூடியூப் காணொளியில் சேர்க்க ஓர் இசைத் துணுக்கும் கிடைத்திருக்கிறது. எல்லாமே கிரியேட்டிவ் காமன்ஸ். விற்பனைக்கான நூல் என்பதால் தனியே அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: “எல்லாமே கிரியேட்டிவ் காமன்ஸ்” என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. அது ஓர் உரிமத்தின் பெயர் அன்று. 2002 இறுதியில் முதன்முதலாக வெளியாகி, 2013-இல் 4.0 என்ற இன்றைய வடிவத்தை அடைந்த ஆறு உரிமங்களின் குடும்பப் பெயர். ஆறில் எதிலும் படைப்பாளி தம் பதிப்புரிமையைக் கைவிடுவதில்லை; இன்ன நிபந்தனைகளுக்கு உட்படுவோர் என்னைக் கேட்காமலே பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிறார், அவ்வளவே. எனவே ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உள்ள எழுத்துகளை நீங்கள் தனித்தனியே பார்த்தாக வேண்டும். “பை” (BY) என்றால் படைப்பாளியின் பெயரைக் குறிப்பிட வேண்டும். “எஸ்ஏ” (SA) என்றால் மாற்றியமைத்து வெளியிடுவதை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். “என்டி” (ND) என்றால் மாற்றியமைத்ததை வெளியிடக் கூடாது. “என்சி” (NC) என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. இவற்றுள் என்சி இல்லாத உரிமங்கள் எதற்கும், நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும் வரை, விற்பனை நூலிலும் தனி அனுமதி தேவையில்லை.

விக்கிமீடியா காமன்ஸ் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கும் கோப்புகளை மட்டுமே ஏற்கிறது. பிளிக்கரில் அந்த வரையறை இல்லை. ஆகவே முதலில் பிளிக்கர் படங்களைச் சலித்தெடுங்கள். பதிவேற்றியவர்தான் படமெடுத்தவரா என்பதை மட்டும் இரு தளங்களிலும் பாருங்கள். தமக்கு உரிமையில்லாத படத்துக்கு ஒருவர் வழங்கும் உரிமம் செல்லாது. படத்தை வைத்துப் படத்தைத் தேடும் வசதியில் ஒருமுறை இட்டுப் பார்த்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

எஸ்ஏ உரிமப் படத்தைச் சேர்த்தால் நூல் முழுவதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டியிருக்குமோ என்ற அச்சம் பதிப்பாளர்களிடையே உண்டு. அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. பிளிக்கரில் பை-எஸ்ஏ 2.0 உரிமத்தில் பகிரப்பட்ட படமொன்றைத் தெரு வரைபட நூலின் அட்டையில் ஒரு நிறுவனம் அச்சிட்டு விற்றது. அட்டையில் படம் இடம்பெற்றதால் வரைபட நூல் அந்தப் படத்தின் வழிப்படைப்பாகிவிடாது (அதாவது, அதை மாற்றியமைத்து உருவாக்கிய படைப்பாகிவிடாது) என்றும், பின்னட்டையில் சிறிய எழுத்தில் பெயரும் உரிமமும் குறிப்பிட்டதே போதும் என்றும் 2015-இல் கொலம்பியா மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், உரிமத்தின் வாசகத்தோடு பொருந்துவதால் நம்பி நடக்கத் தக்கது. படத்தைப் படமாகவே பக்கத்தில் வைக்கும் வரை உங்கள் நூல் உங்களுடையதே. இரண்டு மூன்று படங்களை ஒட்டிப் புது அட்டைப்படம் உருவாக்கினால் கதை வேறு. அந்த அட்டைப்படம் எஸ்ஏ-வுக்கு உட்படும்.

பெயர் குறிப்பிடுவதில் நம்மவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: “படங்கள்: நன்றி, இணையம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. இது எந்த உரிமத்தையும் நிறைவு செய்யாது. ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, படமெடுத்தவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர், படம் இருக்கும் முகவரி, உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும், உரிமம் இருக்கும் முகவரி, ஓரம் வெட்டியிருந்தாலோ வண்ணம் மாற்றியிருந்தாலோ அந்தத் தகவல் ஆகியவை வேண்டும். படத்தின் கீழ் இடமில்லையென்றால் நூலின் இறுதியில் பக்க எண்ணோடு ஒரு பட்டியலாகத் தரலாம்.

உரிமைப் பக்கத்தில் வழக்கமாக அச்சிடும் “இந்நூலின் எப்பகுதியையும் அனுமதியின்றி மறுபதிப்புச் செய்யக் கூடாது” என்ற வாசகத்தையும் திருத்துங்கள். பொதுவில் பகிரப்பட்ட படத்துக்கு நீங்கள் புதுத் தடை விதிக்க முடியாது. “தனியே உரிமம் குறிக்கப்பட்ட படங்கள் நீங்கலாக” என்று சேர்த்தால் போதும். இதே காரணத்தால், மின்னூலாக வெளியிடும்போது நகலெடுப்பைத் தடுக்கும் மின்பூட்டையும் போடாதீர்கள்.

உண்மையில் உங்களுக்குத் தலைவலி தரக்கூடியது விக்கிப்பீடியாவின் உரைதான். அது 2023 முதல் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் உள்ளது. கட்டுரைப் பகுதியை மாற்றாமல் ஒரு பெட்டிச் செய்தியாக, கட்டுரையின் முகவரியோடு தந்தால் அந்தப் பெட்டி மட்டுமே அவ்வுரிமத்துக்கு உட்படும். உங்கள் ஆசிரியர் அதைச் செப்பனிட்டுத் தம் நடையோடு கலந்துவிட்டால், கலந்து உருவான பகுதியையும் அதே உரிமத்தில் வழங்க வேண்டும்; போட்டிப் பதிப்பகம் அந்தப் பகுதியை எடுத்து அச்சிட்டாலும் உங்களால் தடுக்க இயலாது. தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லை, அவற்றைச் சொல்லும் மொழிக்கே உண்டு என்பதால், மூல நூல்களையும் கல்வெட்டுத் தொகுதிகளையும் பார்த்துச் சொந்தமாக எழுதிவிடுவதே நல்லது என்பேன்.

என்சி உரிமத்தில் உள்ள படம் மிகவும் தேவை என்றால், படமெடுத்தவருக்கு எழுதுங்கள். பொதுவில் என்சி என்று பகிர்ந்தவர் உங்களுக்கு மட்டும் வணிக அனுமதி தருவதற்கு எந்தத் தடையும் இல்லை. பலர் ஒரு பிரதியை மட்டும் பெற்றுக்கொண்டு சம்மதிப்பதுண்டு. ஆனால் “போட்டுக்கொள்ளுங்கள்” என்ற தொலைபேசிச் சொல் போதாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். கால அளவு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நூல்களை அனுப்பும் பதிப்பாளர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. “உலகெங்கும், அச்சிலும் மின்னூலிலும் விளம்பரத்திலும், எல்லா மறுபதிப்புகளிலும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்” என்று அனுமதிக் கடிதத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

படத்தில் ஆள் இருந்தால் இன்னொரு படி உண்டு. நாட்டியம் ஆடும் பெண்ணின் முகமோ அர்ச்சகரின் முகமோ அடையாளம் தெரியும் படத்துக்குப் படமெடுத்தவரின் உரிமம் மட்டும் போதாது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் வர்ஜின் மொபைல் நிறுவனம் பிளிக்கரில் பை உரிமத்தில் இருந்த ஓர் அமெரிக்கச் சிறுமியின் படத்தை விளம்பரத்தில் பயன்படுத்தியபோது, குடும்பத்தார் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். அந்நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பில்லை என்பதால் வழக்குத் தள்ளுபடியானதே தவிர, சிறுமியின் சம்மதம் பெறப்பட்டிருந்ததால் அன்று. முகங்கள் உள்ள படங்களை அட்டையிலும் விளம்பரத்திலும் தவிர்த்துவிடுங்கள்.

இசை விஷயத்தில் விதி கடுமையானது. அசையும் காட்சியோடு காலப் பொருத்தத்தில் இசையைச் சேர்த்தாலே அது வழிப்படைப்பு என்று 4.0 உரிமம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே என்டி இசையைக் காணொளியில் சேர்க்கவே கூடாது. எஸ்ஏ இசையைச் சேர்த்தால் காணொளியை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். நூலை விற்பதற்கான காணொளி என்பதால் என்சி இசைக்கும் இடமில்லை. பை மட்டும் உள்ள இசையைத் தேடுங்கள்.

பயன்படுத்தும் ஒவ்வொன்றின் உரிமப் பக்கத்தையும் தேதியோடு சேமித்து வையுங்கள். ஒருமுறை வழங்கிய உரிமத்தைப் படைப்பாளி பின்னர் திரும்பப் பெற முடியாது. ஆனால் அன்று அப்படித்தான் இருந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பெயர் விடுபட்டதாகக் கடிதம் வந்தால் தாமதிக்காதீர்கள். தவற்றை அறிந்த 30 நாள்களுக்குள் திருத்திவிட்டால், நிபந்தனையை மீறியதால் இழந்த உரிமை தானாகவே மீளும் என்பது 4.0 பதிப்பில் உண்டு. 2.0, 3.0 பதிப்புகளில் அந்தச் சலுகை இல்லாததை வைத்தே சிறு பிழைக்குப் பெருந்தொகை கேட்போரும் இருக்கிறார்கள். ஒரே கோபுரத்துக்கு இரண்டு நல்ல படங்கள் கிடைத்தால் 4.0 உரிமத்தில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.