சிவப்பு கவுன், கறுப்பு வெள்ளைப் படம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் 1938-ல் வந்த 'ஜெசபெல்' பார்த்தேன். நாயகி சிவப்பு கவுனில் நடனத்துக்குப் போனதால் ஊரே முகம் சுளிக்கிறது. படமோ கறுப்பு வெள்ளை. அப்படியும் எனக்கு அந்த கவுன் சிவப்பாகத்தான் நினைவிருக்கிறது. எப்படி? நிறமே தெரியாத காலத்தில் உடை வடிவமைப்பாளருக்கு என்ன வேலை? எடித் ஹெட் எட்டு ஆஸ்கர் வாங்கினாராமே, எல்லாம் அவரே வரைந்ததா? என் அம்மா ரவிக்கை தைப்பவர், அவருக்கும் இதே சந்தேகம்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

துணிக்கடையில் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்போம் இல்லையா, டியூப்லைட்டில் தெரிகிற நிறத்தை நம்பமாட்டோம். ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் இது அப்படியே தலைகீழ். வெயிலில் எப்படி இருந்தால் என்ன, விளக்கைப் போட்டால் ஃபிலிமில் எப்படி விழுகிறது என்பதுதான் கணக்கு. அதனால் கறுப்பு வெள்ளையில் வேலை கூடுதல் என்றே சொல்வேன்.

அந்த நடனக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகாத பெண்கள் எல்லாரும் வெள்ளையில். நடுவே நாயகி பெட் டேவிஸ் மட்டும் கருமையாக. நாயகன் ஹென்றி ஃபோண்டா விடாப்பிடியாக அவரை ஆடவைக்க, மற்ற ஜோடிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கித் தளமே காலியாகிவிடுகிறது. ஆண்களின் கோட்டும் கறுப்புதான், ஆனால் அது வெளிச்சத்தைக் குடித்துவிடும். உடை வடிவமைப்பாளர் ஓரி-கெல்லி தைத்த இந்த கவுனோ பளபளப்பான துணி, பெட் டேவிஸ் திரும்பும்போதெல்லாம் மடிப்புகளில் வெளிச்சம் ஓடுகிறது. சிவப்பு என்று வசனத்தில் முன்பே காதில் போட்டுவிட்டார்கள். சாயம் முக்கியது நீங்கள்தான்.

உங்கள் அம்மாவுக்கு இன்னொன்று. துணியைச் சாய்வாக வெட்டும் கிராஸ் கட்டிங் ரவிக்கை உடம்போடு ஏன் படிகிறது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1933-ல் 'டின்னர் அட் எய்ட்' படத்தில் நடிகை ஜீன் ஹார்லோவுக்கு எம்ஜிஎம் ஸ்டூடியோவின் உடை வடிவமைப்பாளர் ஏட்ரியன் தைத்தது அப்படி வெட்டிய வெள்ளை சாட்டின் கவுன். பார்க்க வெண்ணெய் மாதிரி வழியும், ஆனால் உட்கார்ந்தால் போச்சு, சுருக்கம் விழுந்துவிடும். இந்த மாதிரி கவுன்களுக்காகவே கை வைக்கக் கட்டையோடு ஒரு சாய்வுப் பலகை வைத்திருந்தார்கள், ஷாட்டுக்கு ஷாட் நடிகைகள் அதில் சாய்ந்தபடி நிற்பார்கள். கோடிக்கணக்கில் வசூல் கொடுத்தவருக்கு உட்கார நாற்காலி கிடையாது!

ஏட்ரியன்தான் நடிகை ஜோன் கிராஃபோர்டின் அகலத் தோள்களை மறைக்காமல் இன்னும் அகலமாக்கியவர். 1932-ல் 'லெட்டி லிண்டன்' படத்துக்கு ஆர்கண்டி என்கிற மெல்லிய, விறைப்பான துணியில் தோளெல்லாம் ஃப்ரில் வைத்தார். குளோசப்பில் இடுப்புக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள், கைவேலையை எல்லாம் மேலே காட்டு என்கிற நியாயம்தான். அதன் நகல்கள் ஒரே கடையில் ஐந்து லட்சம் விற்றதாகச் சொல்வார்கள், எனக்கு நம்பிக்கையில்லை.

சரி, எடித் ஹெட். எட்டு உண்மைதான். ஆனால் அதில் ஒன்று 1954-ல் வந்த 'சப்ரினா'வுக்கு. பாரிஸ் போய்த் திரும்பிய சப்ரினா அணியும் முக்கியமான உடைகள் பாரிஸ் வடிவமைப்பாளர் ஜிவான்ஷியுடையவை. சப்ரினாவாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னே பாரிஸில் அவரிடம் போய்த் தேர்ந்தெடுத்தார். படத்தின் டைட்டிலில் ஜிவான்ஷி பெயர் இல்லை, விருதும் எடித் ஹெட் ஒருவருக்குத்தான். அதுவும் எந்த விருது? கறுப்பு வெள்ளைப் படத்துக்கான உடையலங்கார விருது. ஆமாம், அதற்கென்றே தனியாக ஒன்று வைத்திருந்தார்கள். ஏட்ரியன் ஒரு ஆஸ்கர்கூட வாங்கவில்லை, 1948-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் உடைக்கு விருது என்று ஆரம்பித்தார்கள், அவர் அதற்கு ஏழு வருஷம் முன்பே எம்ஜிஎம்மை விட்டுப் போயிருந்தார்.

அந்த நடனக் காட்சியை மட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டு அம்மாவோடு இன்னொரு முறை பாருங்கள். பாவாடைக்கு எத்தனை மீட்டர் பிடித்திருக்கும் என்று அவர் சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.