காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்குப் புதுத் தலைவர் வந்துவிட்டார், இனியாவது அது பிழைக்குமா?

பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்கும் தலைவர் நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதற்கும் பெரிய சம்பந்தமில்லை. போட்டியை மேற்பார்க்கும் காமன்வெல்த் ஸ்போர்ட் அமைப்புக்கு 2025 நவம்பரில் உகாண்டாவின் டொனால்ட் ருகாரே தலைவராகத் தேர்வானார். கெட்டிக்காரராகவே இருக்கட்டும், கஜானா அவரிடம் இல்லையே, போட்டியை நடத்தும் ஊரிடம்தானே இருக்கிறது.

நடந்ததைப் பாருங்கள். 2022 போட்டியை முதலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத்தான் கொடுத்தார்கள், பணத்துக்கும் வழியில்லை, கெடுவும் தவறியது என்று 2017-ல் திரும்ப வாங்கிப் பிர்மிங்காமிடம் ஒப்படைத்தார்கள். 2026-க்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் ஒத்துக்கொண்டது, 2023 ஜூலையில் கையை விரித்துவிட்டது. 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்று போட்ட கணக்கு 600, 700 கோடிக்குப் போகிறதாம். 38 கோடி டாலர் இழப்பீடு கொடுத்துவிட்டு விலகுவதே லாபம் என்று ஓர் அரசாங்கம் முடிவு செய்கிறது என்றால், அங்கே எந்தத் தலைவர் இருந்து என்ன செய்திருக்க முடியும்? 1930-ல் முதல் போட்டி நடந்த கனடாவிலேயே, நூற்றாண்டுப் போட்டியைக் கேட்க நினைத்த ஆல்பர்ட்டா மாகாணமும் செலவைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டது.

அதனால்தான் விக்டோரியா கைவிட்ட 2026 போட்டி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போனபோது சின்னதாக்கப்பட்டது. 10 விளையாட்டு, 4 இடங்கள், வீரர்களுக்கென்று தனிக் கிராமம்கூடக் கட்டுவதில்லை. எனக்கு இது சரியாகப் படுகிறது, வெட்டு விழுந்தது நம் தலையில் என்றாலும். ஹாக்கி, பாட்மின்டன், மல்யுத்தம், டேபிள் டென்னிஸ், கிரிக்கெட் எதுவும் கிடையாது. 2022-ல் இந்தியா வாங்கிய 61 பதக்கங்களில் 12 மல்யுத்தத்தில் மட்டும் வந்தவை. நம்ம சென்னை சரத் கமல் 40 வயதில் டேபிள் டென்னிஸ் ஒற்றையர் தங்கம் வென்றதும் அந்தப் பிர்மிங்காம் போட்டியில்தான், சீனாக்காரர்கள் வரும் ஒலிம்பிக்கில் அது நடக்கிற காரியமா!

அப்புறம் 2030 அகமதாபாத். எனக்குப் பயம் இங்கேதான். இந்தியாவுக்கு 2036 ஒலிம்பிக் மேல் கண், அதனால் இதை ஒத்திகையாக நினைத்துப் பெரிதாக்கத்தான் பார்ப்பார்கள். டெல்லி 2010 ஞாபகம் இருக்கிறதல்லவா, போட்டிக்குச் சில நாள் முன்பு நேரு அரங்கத்துப் பக்கம் நடைமேம்பாலம் இடிந்தது, மறுவருடம் ஏற்பாட்டுக் குழுத் தலைவரே கைதானார். விட்டுப்போன விளையாட்டுகளைத் திரும்பச் சேருங்கள், தாராளமாக. ஆனால் இருக்கிற அரங்குகளிலேயே நடத்துங்கள் என்று ருகாரே கறாராகச் சொல்ல வேண்டும். பணம் போடுகிறவனிடம் அப்படிச் சொல்வது லேசில்லை, போட்டியைக் கேட்டு வருகிறவர்களே இரண்டு மூன்று பேர்தான் எனும்போது இன்னும் கஷ்டம்.

ஆப்பிரிக்காவில் இந்தப் போட்டி இதுவரை ஒரு தடவைகூட நடந்ததில்லை. 2030-க்கு நைஜீரியாவின் அபுஜாவும் கேட்டது, கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் 2034-ஐ அவர்களுக்குக் கொடுக்கலாம், கிளாஸ்கோ அளவிலேயே.