சிஎஸ்இயா, இசிஇயா?

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கவுன்சலிங்குக்குக் காத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதில் சின்ன வயதிலிருந்தே ஆர்வம். சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்) எடுக்கத்தான் நினைத்திருந்தேன். என் மாமா, "இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) எடு, ஐடிக்கும் போகலாம், எலக்ட்ரானிக்ஸ் வேலை தரும் கோர் கம்பெனிக்கும் போகலாம்" என்கிறார். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்று இரண்டு படிப்புகள் இருக்கின்றன. நம் சிஎஸ்இயின் பெயரிலேயே இரண்டும் இருக்கிறதே, அப்படியென்றால் இரண்டையும் சொல்லித்தருவார்களா? நான் எதை எடுப்பது?

க., விருதுநகர்

அன்புள்ள க.,

பெயரில் இரண்டும் இருந்தாலும், நம் சிஎஸ்இ பெரும்பாலும் சயின்ஸ்தான், அதாவது மென்பொருள் பக்கம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், கம்பைலர் என்று போகும். கருவியின் உள்ளே எட்டிப் பார்க்க டிஜிட்டல், கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் என்று கொஞ்சம் இடம் உண்டு, அவ்வளவுதான். கருவிப் பக்கமான கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்குக்கு இங்கே நெருங்கி வருவது இசிஇ. ஆனால் அதில் மின்காந்தப் புலமும் தகவல் தொடர்பும் கன்ட்ரோல் சிஸ்டமும் கூடவே வரும். அவற்றையும் படித்தே ஆக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் நூற்பாலைகளுக்கான எண்ணிக்கைக் கருவி செய்துகொண்டிருந்தோம். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எண் ஒன்று கூட வேண்டும். எங்கள் கருவியில் சில சமயம் மூன்று கூடியது, சில சமயம் ஐந்து. காரணம், பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடு தொட்டவுடன் நிலைத்து நிற்பதில்லை. சில மில்லி செகண்டுகள் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். நம் விரலுக்கு அது தெரியாது. விநாடிக்குப் பல லட்சம் கட்டளைகளைச் செய்யும் சில்லுக்கு ஒவ்வொரு துள்ளலும் ஒரு தனி அழுத்தல். சிஎஸ்இ படித்த நண்பர், முதல் தொடுகைக்குப் பிறகு 20 மில்லி செகண்டு எதையும் கண்டுகொள்ளாதே என்று நிரலில் எழுதினார். இசிஇ படித்த நான் அந்தத் துள்ளலை அடக்க ஒரு மின்தடையும் ஒரு கெபாசிட்டரும் வைத்துச் சாலிடர் செய்தேன். இரண்டுமே வேலை செய்தன. கூடுதலாக எந்தப் பொருளும் வேண்டாம் என்பதால் அவருடைய வழியைத்தான் எடுத்துக்கொண்டோம். ஆலையில் கொண்டுபோய் மாட்டியதும், பக்கத்தில் ஓடிய பெரிய மோட்டாரின் மின்னிரைச்சல் நீளமான ஒயர் வழியாக உள்ளே வந்தது. யாரும் தொடாமலே எண் ஏறியது. கடைசியில் இரண்டையும் போட்டோம்.

இதைப் படிக்கும்போது உங்கள் மனம் எந்தப் பக்கம் போயிற்று? தகடு ஏன் துள்ளுகிறது, ஒயருக்குள் இரைச்சல் எப்படி வந்தது என்று போனதா? இல்லை, அந்த நிரலை எப்படி எழுதுவது, நூறு பொத்தான்கள் இருந்தால் என்ன செய்வது என்று போனதா? சம்பளக் கணக்கைவிட இந்தக் கேள்வியைத்தான் நான் நம்புகிறேன்.

இன்னொரு சோதனை உங்கள் கையிலேயே இருக்கிறது. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடம் தனிநிலைக் கணிதம். அதில் கூற்றுகளுக்கு அட்டவணை போட்டிருப்பீர்கள், இரண்டும் மெய் என்றால்தான் மெய் என்று. இயற்பியல் புத்தகத்தில் லாஜிக் கேட் பகுதியில் அதே அட்டவணை வரும். இரண்டு உள்ளீடும் 1 என்றால்தான் வெளியீடு 1. ஒரே அட்டவணைதான். ஒரு புத்தகத்தில் அது சிந்தனையின் விதி, இன்னொன்றில் டையோடும் டிரான்சிஸ்டரும் செய்கிற வேலை. சிந்தனையின் விதியும் மின்சுற்றின் வேலையும் ஒன்றுதான் என்று 1937இல் தன் முதுகலை ஆய்வேட்டில் எழுதிக் காட்டியவர் கிளாட் ஷேனன். அப்போது அவருக்கு 21 வயது. மின் பொறியியல், கணிதம் இரண்டிலும் இளங்கலைப் பட்டம் வாங்கியிருந்தவர் அவர். அந்த இரண்டு பாடங்களையும் இன்று இரவு திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எதை மூடப் பிடிக்கவில்லை என்று பாருங்கள்.

சரி, மாமா சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வது பாதி சரி. ஐடி நிறுவனங்கள் பலவும் எல்லாப் பிரிவு மாணவர்களையும் எடுக்கின்றன. ஆனால் இசிஇ மாணவர் பகலில் சிக்னல்ஸ் படித்துவிட்டு, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை இரவில் தானாகத்தான் கற்க வேண்டும். மனம் முழுக்க மென்பொருளில் இருப்பவருக்கு அந்த நான்கு வருடம் பெரிய சுமை. அப்படிச் சோர்ந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனது கஷ்டப்பட்டிருக்கிறது. சிஎஸ்இ படித்துவிட்டு வன்பொருள் பக்கம் போகும் கதவும் முழுதாக மூடியில்லை. 'சக்தி' என்ற பிராசசரை வடிவமைத்தது ஐஐடி மெட்ராஸின் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை. ஆனால் அனலாக் சர்க்யூட் பக்கம் போக வேண்டுமென்றால் இசிஇதான் நேர் வழி.

கல்லூரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சுமாரான கல்லூரியில் சிஎஸ்இ கிடைத்தால், ஒரு லேப்டாப்பும் இணையமும் உழைப்பும் இருந்தால் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடலாம். இசிஇ அப்படியில்லை. ஆய்வகம் சரியில்லாத இடத்தில் அதைப் படிப்பது குளத்தில் இறங்காமல் நீச்சல் கற்பதுபோல. அதனால் இசிஇ பக்கம் மனம் போனால், சாய்ஸ் பட்டியலை லாக் செய்வதற்கு முன்பு அந்தக் கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் யாரையாவது பிடித்து, ஆய்வகத்தில் ஒரு ஆஸிலோஸ்கோப்பை (மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) எத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள், அவர் தன் கையால் அதைத் தொட்டிருக்கிறாரா என்று கேளுங்கள்.