ஆர்பிஜி மேக்கர்ல செஞ்ச கேமுக்கு 450 ரூபா கேக்கலாமா?

தேவகோட்டையிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ரெண்டு வருஷமா வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரில உக்காந்து, கோடு எழுதாமலே கதை கேம் செய்யுற ஆர்பிஜி மேக்கர்ங்குற டூலோட எம்வி வெர்ஷன்ல ஒரு கேம் முடிச்சிருக்காராம், பூட்டிக் கெடக்குற பெரிய வீட்டுக்குள்ள ஆச்சியோட பெட்டகச் சாவிய பேத்தி தேடுற கதை, மூணு மணி நேரம் ஓடுமாம். கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல 450 ரூபா வைக்கலாம்னு பாத்தா கூட்டாளி "ஆர்பிஜி மேக்கர்னு தெரிஞ்சாலே 99க்கு மேல எவனும் தரமாட்டான், யூனிட்டிக்கு மாத்திரு"ங்குறானாம். யூனிட்டி இன்னொரு கேம் டூல். மாத்தணுமா?

வேணாம் தம்பி. நீங்க போட்ட மேப், ஈவென்ட் எதுவும் யூனிட்டிக்குள்ள அப்படியே போகாது, எல்லாத்தையும் முதல்லேர்ந்து கட்டணும், அதுக்குள்ள உங்களுக்கே சலிச்சுப் போயிரும்.

2011ல வந்த டு தி மூன்ங்குற கேம் ஆர்பிஜி மேக்கரோட எக்ஸ்பிங்குற பழைய வெர்ஷன்ல செஞ்சது. 2020ல வந்த ஓமோரிங்குற கேம் உங்க எம்விலயே செஞ்சது, அது 20 டாலருக்கு வித்துச்சு. அண்டர்டேல்ங்குற கேம் கேம்மேக்கர்ங்குற இன்னொரு டூல்ல வந்தது. இதையெல்லாம் வாங்குனவங்க எந்த டூல்னு கேட்டா வாங்குனாங்க?

அதுக்காக கூட்டாளி சொல்றது முழுப் பொய்யும் இல்ல. யூனிட்டியவே எடுத்துக்கங்க, ரொம்ப காலம் ஃப்ரீ வெர்ஷன்ல செஞ்சா லோகோ காட்டியே ஆகணும், காசு கட்டுனவங்க எடுத்துரலாம், அதனால அரைகுறை கேம்லயெல்லாம் அந்த லோகோ தெரிஞ்சு, நல்ல கேம்ல தெரியாம, யூனிட்டினாலே மட்டம்னு ஒரு பேரு வந்துச்சு. ஆர்பிஜி மேக்கருக்கு அந்த லோகோ வேலைய அதோட கூடவே வர்ற ரெடிமேட் படங்க செய்யுது. நான் முதல்ல செஞ்ச கேம காரைக்குடில சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணுகிட்ட குடுத்தேன், ரெண்டு நிமிஷம் கூட ஆகல, "அண்ணே இந்த மூஞ்சிய வேற கேம்ல பாத்திருக்கேனே"ன்னுச்சு. அதுக்கப்புறம் அது கதைய கவனிக்கவே இல்ல.

ஆத்தங்குடில தரைக்கல்லு செய்ய கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் சிமெண்ட கையால ஊத்துறாங்கல்ல, அச்சு எந்தக் கடையில வாங்குனீங்கன்னு யாரும் கேக்குறதில்ல, ஆனா வழியில பாத்த ஹோட்டல்ல எல்லாம் கெடந்த அதே பூவுன்னா பேரம் ஆரம்பிச்சிரும்.

நீங்க அனுப்புன ஸ்க்ரீன்ஷாட்ட பாத்தேன். வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, நாலு பக்கமும் வெள்ளைக்காரன் கோட்டைக் கல்லு. எம்வியோட வர்ற டைல்செட்டு, அதான் தரை செவருக்கான கட்டப் படங்க, அப்படித்தான், அதுல பர்மா தேக்குத் தூணுக்கு எங்க போறது? ஆனா எம்வில ஒரு டைல் 48க்கு 48 பிக்சல் சதுரம், ஆத்தங்குடிக் கல்லு வரைய அளவெடுத்த மாதிரி இருக்கு, ஊருக்குள்ள நாலு வீட்டுல தரைய நேரா மேலேர்ந்து போட்டோ எடுத்து அதப் பாத்து பிக்சல் போடுங்க. தரை, தூணு, பட்டாலை, பெட்டகம், இந்த நாலு மாறுனாலே வேற கேம் ஆயிரும். அப்புறம் வசனம் வர்ற விண்டோ படம், டைட்டில் படம், கர்சர் சத்தம், இத மாத்த ஒரு ஞாயித்துக்கெழம போதும்.

இன்னொண்ணு, இதத்தான் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. எம்வி வசனத்த ஒவ்வொரு கேரக்டரா ஓட்டும், தமிழ்ல கொ, ட் மாதிரி குறி சேந்த ஒரு எழுத்துங்குறது அதுக்கு ரெண்டு கேரக்டர். "கொட்டான்"னு அடிச்சா முதல்ல க வரும், அப்புறம் கொம்பும் காலும் தனியா ஒரு புள்ளி வட்டத்தோட வரும், ட் மேல இருக்குற புள்ளியும் அதே கதி. உங்க ரெண்டாவது படத்துல ஆச்சி பேசுறதே அப்படித்தான் ஒடஞ்சு கெடக்கு. குறியையும் எழுத்தையும் சேத்துப் புடிச்சு ஒண்ணா வரையுற மாதிரி சின்ன ப்ளகின், அதான் எம்வியோட கூடச் சேக்குற கோடு, எழுதணும், ஜாவாஸ்க்ரிப்ட் தெரிஞ்ச பசங்க ஒரு நாள்ல முடிச்சிருவாங்க. ஃபாண்டும் நீங்களே வைங்க, எம்வியோட வர்றதுல தமிழ் கிடையாது. தமிழ்க்காரன் 450 குடுத்துட்டு ஒடஞ்ச எழுத்தப் பாத்தான்னா டூல் பேரு தெரியாமலே காச திருப்பிக் கேப்பான்.

ஸ்டீம்ல அது சுலபம் வேற, வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் கொறைவா ஆடியிருந்தா பணம் திரும்பிரும். உங்களுது மூணு மணி நேரங்குறதால முழுசா ஆடிட்டு திருப்புறவன் கம்மி, முதல் பத்து நிமிஷத்துல மூஞ்சி சுளிக்கிறவன்தான் போவான், அதனால திண்ணையிலேர்ந்து வளவுக்குள்ள வர்ற வரைக்கும் இழைச்சு இழைச்சு பாருங்க. அந்தப் பகுதியவே டெமோவா ஃப்ரீயா விடுங்க.

வெல 450 வைக்கலாம், தள்ளுபடில அப்புறம் எறக்கிக்கலாம், 99ல ஆரம்பிச்சுட்டு ஏத்துறதுதான் கஷ்டம். கேம் போடுறதுக்கு ஸ்டீமுக்குக் கட்டுற 100 டாலர் கேம் 1000 டாலர் வித்தப்புறம்தான் திரும்பும்ங்குறதையும் கணக்குல வச்சுக்கங்க. எழுத்த சரி பண்ணிட்டு ஆச்சி பேசுற அந்த ஸ்க்ரீன மறுபடி அனுப்புங்க, பாக்குறேன்.